36.31 எந்த ஊர்?

நிறம் தீட்டின படத்துக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் வாயை மூடிக்கொள்கிறோம். தூண் நீலம், பீம் பச்சை, ஒரு மூலையில் கொஞ்சம் சிவப்பு. கீழே 'கணினிப் பகுப்பாய்வின்படி கட்டடம் பாதுகாப்பானது' என்று ஒரு வரி. அவ்வளவுதான். அதற்குப் பிறகு கூட்டத்தில் ஒருத்தரும் கை தூக்குவதில்லை. கொம்பியூட்டரே சொல்லிவிட்டது, இனி என்ன கதை?

அந்த மௌனத்துக்கு எதிராகத்தான் இதை எழுதுகிறோம். கொம்பியூட்டர் தானாக ஒன்றும் சொல்வதில்லை. உள்ளே போட்ட எண்களை நிறமாக்கித் திருப்பித் தருகிறது. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்காமல் 'சிமுலேசன்' என்ற சொல்லுக்கே கும்பிடு போடுவோமென்றால், சாத்திரக்காரரிடம் போகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற தகுதி எங்களுக்கு இல்லை.

கலைப்பீடத்துப் பிள்ளைகளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை தானாகத்தான் வந்தது. ஒரு கிராமத்துச் சனசமூக நிலையம். எண்பதுகளுக்கு முதல் கட்டின ஒரு மாடி, மேலே கொங்கிறீட் சிலாப். சண்டைக் காலத்தில் செல் விழுந்து, பிறகு சீமெந்து பூசி ஒட்டப்பட்டது. கீழே வாசிகசாலை, பின்னேரத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பு. மேலே இன்னொரு மாடி போட வேண்டும் என்று ஊர் ஆசைப்பட்டது. தெரிந்த ஒருவர் மூலம் ஆங்கிலத்தில் ஒரு றிப்போர்ட் வந்தது. அதைக் கூட்டத்தில் வாசிப்பதற்குத் தமிழாக்கித் தரச் சொல்லி எங்களிடம் தந்தார்கள். செய்தவர் யார் என்று இங்கே சொல்ல மாட்டோம். ஒரு ஆளின் பிழை என்று இதைச் சுருக்கினால் மற்ற எல்லோரும் தப்பிவிடுவார்கள்.

மொழிபெயர்க்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் இருக்கிறது. விளங்காத சொல்லைத் தாண்டிப் போக எங்களால் ஏலாது. றிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு அட்டவணை இருந்தது. கொங்கிறீட்டின் குணங்கள் என்று தலைப்பு. அதில் ஒரு வரி: விரிவுக் கோணம், 36.31 பாகை. இது என்ன என்று பொறியியல் படிக்கிற ஒரு சிநேகிதனைக் கேட்டோம். "அதோ? அது எல்லாரும் போடுறதுதான் மச்சான். அதைப் போட்டாத்தான் ஓடும்." ஏன் 36 இல்லை, ஏன் 36.5 இல்லை, ஏன் 36.31 என்று கேட்டால் அவனுக்கும் தெரியாது. அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவருக்கும் தெரியாதாம்.

அப்போது தேடத் தொடங்கினோம். தேடினது நல்லதாகப் போய்விட்டது.

முதலில் அடிப்படை. ஒரு கட்டடத்தைக் கணினியில் இரண்டு விதமாகச் சோதிக்கலாம். ஒன்று, நேர்கோட்டுக் கணக்கு. பாரம் இரண்டு மடங்கானால் வளைவும் இரண்டு மடங்கு. பொருள் வெடிக்காது, நசியாது, களைக்காது. அதற்குக் கொங்கிறீட்டைப் பற்றி இரண்டு மூன்று எண்கள் போதும்: யங்கின் மட்டு, புவசோன் விகிதம், அடர்த்தி. இன்னொன்று, நேர்கோடு அல்லாத கணக்கு. கொங்கிறீட் உண்மையில் செய்வதை இது காட்டப் பார்க்கிறது. இழுத்தால் வெடிக்கும், வெடித்த பிறகும் கொஞ்சத் தூரம் இழுவையைத் தாங்கி மெல்ல மெல்லக் கைவிடும், நெருக்கினால் ஒரு உச்சத்துக்குப் போய்ப் பிறகு நொறுங்கும், நொறுங்கும்போது பக்கவாட்டில் வீங்கும். இவ்வளவையும் சொல்ல ஒரு டசினுக்கு மேல் எண்கள் தேவை. விரிவுக் கோணம் அந்த வீக்கத்தின் அளவு. அது கூடினால், சுற்றிவர இறுக்கிப் பிடிக்கப்பட்ட கொங்கிறீட் கணினிக்குள் கூடுதல் பலமாகவும், சடுதியாக உடையாததாகவும் தெரியும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டாவது கணக்கு உண்மைக்குக் கிட்ட என்பதால் அதன் விடையும் உண்மைக்குக் கிட்ட என்று நினைக்கிறோம். ஆனால் அது கேட்கிற எண்களை நாங்கள் அளக்காவிட்டால், அது முதலாவதை விட மோசமாகப் பொய் சொல்லும். நேர்கோட்டுக் கணக்குத் தன் எளிமையை மறைப்பதில்லை. இதுவோ வெடிப்பு வரை வரைந்து காட்டும். பார்க்கிறவர் நம்பிவிடுவார்.

இனி 36.31 இன் ஊர். மகாராஷ்டிராவின் சாத்தாரா மாவட்டத்தில் கொய்னா என்ற ஆறு. அதற்குக் குறுக்கே 103 மீற்றர் உயரமான அணை. 1967 டிசம்பர் 11 அதிகாலை அங்கே 6 இற்கு மேற்பட்ட அளவில் பூமியதிர்ச்சி. அணையை அண்டின கொய்னாநகர் நொறுங்கியது. ஏறத்தாழ 180 பேர் செத்தார்கள். அணை விழவில்லை. ஆனால் கீழ்ப்பக்கச் சரிவு சடுதியாக மாறுகிற உயரத்தை அண்டி, இரண்டு முகங்களிலும் கிடையாக வெடிப்புகள் விழுந்தன. ஒரு பெரிய கொங்கிறீட் அணை கடும் அதிர்ச்சியில் வெடித்தும் நின்றது. அதிர்வின் பதிவும் கையில் இருந்தது. அதனால் கொங்கிறீட்டின் வெடிப்பைக் கணினியில் காட்ட முயன்றவர்கள் எல்லோரும் கொய்னாவுக்குத்தான் போனார்கள். 1989 இல் லூப்லினரும் கூட்டாளிகளும் எழுதின ஒரு பொருள் மாதிரியை லீ, ஃபென்வ்ஸ் இருவரும் 1998 இல் விரிவாக்கினார்கள். அதைப் பூமியதிர்ச்சியில் அணைகளைச் சோதிக்கப் பயன்படுத்தினார்கள். அபாக்கஸ் என்ற மென்பொருளில் இன்று எல்லோரும் பாவிக்கிற கொங்கிறீட் மாதிரி அந்த வழியில் வந்ததுதான். அந்த மென்பொருளோடு வருகிற எடுத்துக்காட்டுக் கணக்கும் கொய்னா அணைதான்.

அந்த எடுத்துக்காட்டின் அட்டவணையில் இருக்கிற எண்கள் இவை: யங்கின் மட்டு 31,027 மெகாபஸ்கால். அடர்த்தி கனமீற்றருக்கு 2,643 கிலோ. நெருக்கலில் உச்சப் பலம் 24.1. இழுவைப் பலம் 2.9. விரிவுக் கோணம் 36.31.

எங்கள் கையில் இருந்த றிப்போர்ட்டில் அடர்த்தியை மட்டும் 2,400 என்று மாற்றியிருந்தார்கள். 36.31 அப்படியே. 2.9 அப்படியே. ஒரு கிராமத்து வாசிகசாலையின் கூரை மகாராஷ்டிரத்து அணையின் கொங்கிறீட்டால் கட்டப்பட்டிருந்தது, கணினிக்குள்.

இதில் 2.9 இன் கதை இன்னும் மோசம். அந்த எண் அளந்து வந்ததே இல்லை. உச்ச நெருக்கல் பலத்தில் பத்து வீதம் என்று எடுத்தார்கள், 2.41 வரும். பூமியதிர்ச்சியில் பாரம் மிக வேகமாக விழும், வேகமாக இழுத்தால் கொங்கிறீட் கொஞ்சம் கூடத் தாங்கும், அதற்காக 1.2 ஆல் பெருக்கினார்கள். 2.9 வந்தது. அணைக்கு, அதிர்ச்சிக்கு, அது ஒரு நியாயமான ஊகம். எப்படி வந்தது என்பதை அவர்கள் ஒளிக்கவும் இல்லை. ஆனால் வாசிகசாலையின் மேல்மாடி பூமியதிர்ச்சி வேகத்தில் வந்து விழப்போவதில்லை. அது கல்லுக் கல்லாக ஏறி, பிறகு ஐம்பது வருசம் அங்கேயே இருக்கப்போகிற பாரம். அதற்குப் போய் அதிர்ச்சிக்குக் கூட்டின இருபது வீதத்தை எடுத்துக்கொள்வது எந்த நியாயம்?

ஒருவர் எங்களிடம் சொன்னார்: "30 தரக் கொங்கிறீட்டுக்கு ஐரோப்பியக் கோவையும் சராசரி இழுவைப் பலம் 2.9 எண்டுதானே போட்டிருக்கு?" உண்மைதான். சிலிண்டரில் 30 மெகாபஸ்கால் தாங்கும் கொங்கிறீட்டுக்கு அதே எண்தான். எங்களுடைய வழக்குக்கு இதை விட நல்ல சாட்சி கிடைக்காது. ஒரே 2.9, இரண்டு வேறு வழிகளில் வந்து நிற்கிறது. எந்த வழியால் வந்தது என்று எழுதாவிட்டால் அது சரியா பிழையா என்று யாராலும் தீர்க்கவே ஏலாது. மூலம் எழுதாத எண்ணை எப்படிச் சோதிப்பது?

எங்கள் ஊர்ப் பழக்கத்தையும் இங்கே பார்க்க வேண்டும். 'கிரேட் 25' என்று எங்கள் மேசன்மாரும் மேற்பார்வையாளரும் சொன்னால், அது பிரித்தானியர் விட்டுப்போன வழக்கப்படி கியூப் போட்டு உடைத்த பலம். மென்பொருள் கேட்பது சிலிண்டர் பலம். கியூபில் 25 என்றால் சிலிண்டரில் 20. 25 ஐ அப்படியே உள்ளே போட்டால் தொடக்கத்திலேயே கொங்கிறீட்டுக்குக் கால்பங்கு பலம் இனாம். சிலிண்டர் 20 என்றால் ஐரோப்பியக் கோவைப்படி இழுவைப் பலம் 2.2. றிப்போர்ட் போட்டது 2.9. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கூட. அதுவும் கட்டின நாளில் அந்தக் கொங்கிறீட் சொன்ன தரத்துக்கு இருந்தால்தான்.

சரி, கோவைகளைப் பார்த்து ஒழுங்காகப் போட்டால் பிரச்சினை தீருமா? அங்கேயும் கதை நேராக இல்லை. அதே சிலிண்டர் 20 கொங்கிறீட்டை எடுங்கள். யங்கின் மட்டு ஐரோப்பியக் கோவைப்படி 30 ஜிகாபஸ்கால். அமெரிக்கக் கோவையின் வழக்கமான சூத்திரப்படி 21. ஒரே கொங்கிறீட், இரண்டு கண்டம், மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம். ஐரோப்பியக் கோவை கல்லின் வகையையும் கேட்கிறது. அதன் 30 குவார்ட்சைட் கல்லுக்கு உரியது. சுண்ணாம்புக்கல் என்றால் 10 வீதம் குறை, மணற்கல் என்றால் 30 வீதம் குறை, பசால்ட் என்றால் 20 வீதம் கூட்டு என்கிறது. இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய உருமாறிய பாறை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல். அப்படியென்றால் சிலாப்புக்குள் இருக்கிற கல்லு எந்தக் கிடங்கில் இருந்து வந்தது என்பது வெறும் ஊர்க்கதை இல்லை, உள்ளீடு. அதை அந்தக் காலத்தில் கல்லேற்றின லொறிக்காரரிடம் கேட்கலாம். ஒருத்தரும் கேட்கவில்லை.

இன்னும் ஆழமான குழி முறிவுச் சக்தி. ஒரு வெடிப்பை முழுதாகத் திறக்க எவ்வளவு சக்தி செலவாகும் என்பதே அது. வெடித்த பிறகு கொங்கிறீட் எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கும் என்பதை இந்த எண்தான் முடிவு செய்யும். சராசரிப் பலம் 28 மெகாபஸ்கால் உள்ள கொங்கிறீட்டுக்கு, 16 மில்லிமீற்றர் கல்லோடு, 1990 ஆம் ஆண்டின் ஐரோப்பிய மாதிரிக் கோவையின் சூத்திரம் மீற்றருக்கு ஏறத்தாழ 62 நியூற்றன் தருகிறது. அதே அமைப்பின் 2010 ஆம் ஆண்டுக் கோவை ஏறத்தாழ 133 தருகிறது. இருபது வருசத்தில் கொங்கிறீட் மாறவில்லை, சூத்திரம் மாறியது. இழுவைப் பலம் 2.2 என்று எடுத்து, அது நேராகக் குறைகிறது என்று வைத்தால், முதலாவது எண்படி வெடிப்பு 0.06 மில்லிமீற்றர் திறக்கும்போது கொங்கிறீட் கையை விட்டுவிடும், இரண்டாவதன்படி 0.12 மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு தலைமயிரின் மொத்தத்துக்குள் நடக்கிற வித்தியாசம். சிலாப்பில் வெடிப்பு ஓடுமா, நிற்குமா என்பது அதற்குள் கிடக்கிறது.

இதை உள்ளே போடுகிற முறையிலும் சூது உண்டு. வெடித்த பிறகு பலம் குறைவதை வெறும் விகாரத்தின் கணக்கில் போட்டால், கணினி கட்டடத்தை எவ்வளவு பெரிய துண்டுகளாக வெட்டுகிறது என்பதைப் பொறுத்து விடை மாறும். துண்டு சின்னதானால் செலவாகும் சக்தியும் குறையும். கட்டடம் இன்னும் சடுதியாக உடையும். 1976 இல் ஹில்லர்போர்க்கும் கூட்டாளிகளும், 1983 இல் பஜாந்தும் ஓவும் இதற்குத்தான் வழி சொன்னார்கள்: வெடிப்புத் திறக்கும் தூரத்தில் கணக்கை வை, அல்லது துண்டின் அளவுக்கு ஏற்றபடி வளைவைத் திருத்து. ஐம்பது வருசப் பழைய பாடம். ஆனால் ஒரு பீமுக்குச் சரியாக வந்த வளைவை வேறு துண்டு அளவுள்ள சிலாப்புக்கு வெட்டி ஒட்டினால் அந்தப் பாடம் செத்துப்போகும். படம் மட்டும் வடிவாக வரும்.

இதற்கு வருகிற முதலாவது பதில்: "சந்தேகம் எண்டால் குறைச்சுப் போடுங்கோ, பாதுகாப்புத்தானே." வடிவமைக்கும்போது அந்தப் பழக்கம் சரி. 20 ஐ 1.5 ஆல் பிரித்து 13.3 என்று எடுப்பார்கள். கட்டடம் அதற்கேற்பத் தடிக்கும். ஆனால் இருக்கிற கட்டடம் எப்படி உடையும் என்று பார்க்கிற கணக்கில் குறைத்த எண் எப்போதும் பாதுகாப்பில்லை. கம்பியின் பலத்தைக் குறைத்துப் போட்டால், கணினிக்குள் கம்பி வேளைக்கே இளகி, பீம் மெல்ல வளைந்து, முன்னெச்சரிக்கை தந்து உடையும். உண்மையில் கம்பி கூடப் பலமாக இருந்தால் அது இளகாது. பீமில் ஏறுகிற வெட்டுவிசை கூடிக்கொண்டே போய், ஒரு நாள் குறுக்கே சடுதியாகப் பிளக்கும். முன்னெச்சரிக்கை இல்லாத உடைவு. அதே மாதிரி யங்கின் மட்டைக் குறைத்தால் கட்டடம் இளகலாகத் தெரியும். பல வேளைகளில் பூமியதிர்ச்சி அதில் குறைவாகத்தான் அடிக்கும். ஆகக் குறைத்த எண்ணும் ஒரு பொய்தான். தேவையானது இருக்கிற பொருளின் சராசரிக் குணம், அதன் இரண்டு பக்கத்திலும் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்பது.

இரண்டாவது பதில்: "நாங்கள் கலிபிரேட் செய்தனாங்கள். பரிசோதனை வளைவோட எங்கட வளைவு பொருந்துது." இதுதான் எங்களுக்கு ஆகக் கூடக் கோபம் வருகிற இடம். விரிவுக் கோணம், முறிவுச் சக்தி, இழுவைப் பலம், பாகுத்தன்மை எண், துண்டின் அளவு என்று திருக ஐந்து குமிழ் கையில் இருந்தால், ஒரு வளைவை எதனோடும் பொருத்தலாம். ஐந்தும் பிழையாக இருந்தும் பொருந்தும். பாகுத்தன்மை எண்ணைப் பாருங்கள்: அது கொங்கிறீட்டின் குணமே இல்லை, கணக்கு நடுவில் நின்றுவிடாமல் ஓடுவதற்காகப் போடுகிற எண்ணெய். கூடப் போட்டால் கட்டடம் கணினிக்குள் வைரம் பாயும். அதைப் 'பொருள் குணங்கள்' என்ற தலைப்புக்குக் கீழ் எழுதுவதே பொய். ஒரு பரிசோதனையில் பொருத்திவிட்டு, அதே எண்களை மாற்றாமல் வேறொரு பரிசோதனையை முன்கூட்டியே சொல்லிப் பார்த்தால்தான் அது சோதனை. 2015 இல் ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தில் 4 மீற்றர் தடிப்பான ஒரு கொங்கிறீட் துண்டை உடைப்பதற்கு முதல், எப்போது உடையும் என்று உலகம் முழுக்கக் கணிப்புக் கேட்டார்கள். துறை தெரிந்தவர்கள்தான் அனுப்பினார்கள். ஆகக் குறைத்துச் சொன்னவருக்கும் ஆகக் கூட்டிச் சொன்னவருக்கும் நடுவில் பெரிய பள்ளம் இருந்தது. விடை தெரிந்த பிறகு வரையப்படும் வளைவுகளில் இந்தப் பள்ளம் தெரிவதே இல்லை.

மூன்றாவது பதில்: "இது வெளியான கட்டுரையில இருக்கிற எண்." எந்தக் கட்டுரை? அது எங்கிருந்து எடுத்தது? மேலே போய்ப் பார்த்தால் இன்னொரு கட்டுரை. அதற்கு மேலே இன்னொன்று. உச்சியில் கொய்னா. அல்லது 1.16 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் 1969 இல் குப்ஃபரும் கூட்டாளிகளும் மியூனிக்கில் உடைத்த 20 சென்ரிமீற்றர் சதுரமும் 5 சென்ரிமீற்றர் தடிப்பும் கொண்ட தட்டுகளில் போய் நிற்போம். இரண்டு பக்கத்தால் நெருக்கினால் ஒரு பக்கத்தால் நெருக்குவதை விட 16 வீதம் கூடத் தாங்கியது. அருமையான பரிசோதனை, இன்றைக்கும் அந்த 1.16 மென்பொருளின் இயல்பு எண்ணாக இருக்கிறது. அதைப் போடுவது குற்றமில்லை. மியூனிக் என்று தெரிந்து போடுவதற்கும், தெரியாமல் போடுவதற்கும்தான் தூரம்.

மூலபாடம் பார்ப்பது என்று எங்களுக்கு முதலாம் வருசத்தில் சொல்லித் தருவார்கள். ஒரு ஏட்டில் ஒரு சொல் பிழையாக விழுந்தால், அதைப் பார்த்து எழுதின ஏடுகளிலெல்லாம் அந்தப் பிழை வரும். நூறு ஏட்டில் இருப்பதால் அது சரியாகாது. நூறும் ஒரு தாயேட்டின் பிள்ளைகள். 36.31 அப்படியொரு சொல். நூறு ஆய்வில் இருக்கிறது என்பது நூறு சாட்சி இல்லை, ஒரே சாட்சி நூறு தரம் பேசுகிறது. இதைக் கண்டுபிடிக்கப் பொறியியல் பட்டம் தேவைப்படவில்லை. நாங்கள் படிக்கிறதைக் கொண்டே கண்டுபிடித்தோம். "ஆர்ட்ஸ்காரருக்கு ஏன் இது" என்று சிரித்தவர்களுக்கு எங்களுடைய பதில் அவ்வளவுதான்.

நாலாவது பதில்தான் நேர்மையானது: "சோதிக்கக் காசில்லை." உண்மை. எங்கள் ஊர்களில் ஆய்வுகூடம் தூரம், கட்டணம் கூட. ஆனால் எல்லாம் காசுப் பிரச்சினை இல்லை. சிலாப்பில் பாரம் குறைந்த இடத்தில் மூன்று நாலு கோர் எடுத்து உடைத்தால் நெருக்கல் பலம் தெரியும்; அதற்குத்தான் உண்மையில் செலவு. மற்றதைப் பாருங்கள். ஒரு மூலையைக் கொத்திப் புதிதாக உடைந்த முகத்தில் பினோப்தலீன் தெளித்தால், காரம் இருக்கிற இடம் இளஞ்சிவப்பாகும், காரம் போன இடம் நிறம் மாறாது. நிறம் மாறாத படை கம்பி வரைக்கும் போயிருந்தால் கம்பிக்குக் காவல் இல்லை. இதற்கு ஒரு சின்னப் போத்தல் போதும். கொத்தின இடத்தில் கம்பி மொழுமொழுவென்று இருக்கிறதா, வரி போட்டதா என்று கண்ணால் பார்க்கலாம். மொழுக்கைக் கம்பி என்றால் பெரும்பாலும் 250 மெகாபஸ்கால் மென்னுருக்கு. றிப்போர்ட் 460 என்று போட்டிருந்தது. வரியில்லாத கம்பி கொங்கிறீட்டுக்குள் வழுக்கவும் செய்யும். கணினியோ இரண்டும் பிரியாமல் ஒட்டியிருக்கிறது என்று வைத்துத்தான் கணக்குப் போட்டது. துருப்பிடித்து மெலிந்திருந்தால் எவ்வளவு மெலிந்தது என்று அளக்கலாம். வேர்னியர் போதும்.

அளக்க ஏலாத எண்களுக்கும் ஒரு வழி இருக்கிறது, அதற்குச் சதமும் செலவில்லை. குறைந்தது ஒரு தரம், கூடியது ஒரு தரம் போட்டு இரண்டு முறை ஓட்டுங்கள். முறிவுச் சக்தி 62 இலும் 133 இலும் கட்டடம் நின்றால், அந்த எண்ணைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். ஒன்றில் நின்று ஒன்றில் விழுந்தால், கோருக்கு வைத்திருக்கிற கொஞ்சக் காசை எங்கே செலவழிப்பது என்று தெரிந்துவிடும். இதற்கு ஒரு இரவு கொம்பியூட்டர் ஓடினால் போதும். இதைச் செய்யாததற்குக் காசு காரணம் இல்லை. 'பாதுகாப்பானது' என்ற ஒற்றைச் சொல்லைக் கேட்கத்தான் நாங்களும் காத்திருக்கிறோம். இடைவெளியைச் சொல்கிற எஞ்சினியரைத் தெரியாதவர் என்று நினைக்கிறோம். இந்த இடத்தில் பழி பொறியியல் பீடத்துக்கு மட்டும் இல்லை, கூட்டத்தில் இருக்கிற எல்லோருக்கும்தான்.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஊருக்கு முன்னால் வைக்கிற எந்த சிமுலேசன் றிப்போர்ட்டிலும் நிறப்படத்துக்கு முதல் அட்டவணை வர வேண்டும். அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொல் இருக்க வேண்டும்: அளந்தது, சூத்திரத்தில் எடுத்தது, வேறு கட்டடத்தில் இருந்து எடுத்தது, கணக்கு ஓடுவதற்காகப் போட்டது. எந்தக் கோவை, எந்த வருசம் என்று எழுத வேண்டும். கியூபா சிலிண்டரா என்று எழுத வேண்டும். முடிவை ஆட்டுகிற இரண்டு மூன்று எண்களை மேலும் கீழும் போட்டுப் பார்த்த விடைகளையும் சேர்க்க வேண்டும். அதோடு இதெல்லாம் தமிழில் இருக்க வேண்டும். இருக்கிற கூரைக்குக் கீழ் உட்காரப்போகிறவர்களுக்கு விளங்காத மொழியில் 'பாதுகாப்பு' என்று எழுதி என்ன பிரயோசனம்?

அந்த மொழிபெயர்ப்பை நாங்கள் முடித்துக் கொடுத்தோம். கடைசிப் பக்கத்து அட்டவணையில் இன்னொரு நிரலைச் சேர்த்து, ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று எழுதினோம். தெரியாத இடத்தில் 'மூலம் தரப்படவில்லை' என்று எழுதினோம். மொழிபெயர்ப்பாளர் அப்படிச் செய்யலாமா என்று ஒருவர் கோபப்பட்டார். கோர் எடுப்பதற்கு எவ்வளவு செலவாகும் என்று இன்னொருவர் கேட்டார். ஊர் இன்னும் முடிவெடுக்கவில்லை.

எங்கள் பீடத்துக்கும் ஒரு வார்த்தை. அதிகாரம், அறிவு, பிரதி என்று நாங்கள் நாள் முழுக்கக் கதைக்கிறோம். ஆனால் ஒரு அட்டவணையைக் கண்டால் 'அது ரெக்னிக்கல்' என்று பக்கத்தைப் புரட்டுகிறோம். எங்கள் தலைக்கு மேலே இருக்கிற சிலாப் எந்தக் கவிதையை விடவும் எங்களோடு நெருக்கமான பிரதி. அதையும் வாசிக்கப் பழக வேண்டும். பொறியியல் படிக்கிற தோழர்களே, எங்களை வாசிக்க விடுங்கள். நாங்கள் பிழையாக வாசித்தால் திருத்துங்கள். மூலம் கேட்கிறவரை எதிரி என்று நினைக்காதீர்கள். உங்கள் கணக்கு பிழைத்தால் முதலில் கேள்வி கேட்கப்படப்போவதும் நீங்கள்தான்.

எங்கள் ஊரில் புதிதாக ஒருத்தரைக் கண்டால் "தம்பி எந்த ஊர், ஆற்றை ஆள்?" என்று கேட்பார்கள். ஏன் கேட்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சாதி தெரிய வேண்டும், அதற்குத்தான். அந்தக் கேள்வியை மனிதரிடம் கேட்பதை இன்றோடு நிப்பாட்டுவோம். கேட்கத்தான் வேண்டுமென்றால் எண்ணிடம் கேட்போம். 24.1 எந்த ஊர்? 2.9 ஆற்றை ஆள்? 36.31, நீ எங்கட சிலாப்புக்குள்ளே எப்படி வந்தனி?